ஹண்ட் டெஸ்ட்டில் வாலண்டியர்: எந்த வேலையில் தொடங்குவது, எப்படிச் செய்வது

"உதவிக்கு ஆட்கள் தேவை, முன் அனுபவம் வேண்டாம்" என்று உங்கள் ரெட்ரீவர் (சுட்ட பறவையை எடுத்துவரும் வேட்டை நாய்) கிளப்பிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கும். என்ன உதவி, எத்தனை மணிக்கு, எதைக் கையில் பிடிக்க வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. ஹண்ட் டெஸ்ட் என்றால், வேட்டையில் போலப் பறவை விழும்போது நாய் அதைப் போய் எடுத்துவருகிறதா என்று பார்க்கும் தேர்வு; வீசுவது பெரும்பாலும் செத்த வாத்து. மினசோட்டாவில் எங்கள் கிளப் நடத்தும் ஏ.கே.சி. (அமெரிக்கன் கென்னல் கிளப்) ஹண்ட் டெஸ்ட்டுகளில் நான் செய்த வேலைகளையும் பக்கத்தில் நின்று பார்த்த வேலைகளையும் வைத்து இதை எழுதுகிறேன். இதேபோல் டெஸ்ட் நடத்தும் எச்.ஆர்.சி., நாஹ்ரா அமைப்புகளின் டெஸ்ட்டுகளில் நிலைகளின் பெயரும் சில விதிகளும் வேறு. ஆனால் வயலில் ஆட்கள் பார்க்கும் வேலை கிட்டத்தட்ட இதேதான்.

ஒரு விஷயத்தை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஏ.கே.சி. 1985இல் தொடங்கிய இந்த டெஸ்ட் பந்தயம் இல்லை. முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது. ஒவ்வொரு நாயையும் ஒரு தர அளவோடு ஒப்பிட்டு, 10க்கு மதிப்பெண் போடுகிறார்கள். மொத்த சராசரி 7 வேண்டும். எந்தத் திறனிலும் சராசரி 5க்குக் கீழே போகக்கூடாது. அப்படியானால் காலையில் முதலில் ஓடிய நாய்க்கு விழுந்த வாத்து, மத்தியானம் கடைசியாக ஓடும் நாய்க்கும் அதே உயரத்தில், அதே சத்தத்தோடு, அதே இடத்தில் விழ வேண்டும். வாலண்டியர் வேலை முழுக்க இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான்.

படி 1: எந்த வேலை என்று நீங்களே கேட்டு வாங்குங்கள்

செயலாளர், கமிட்டி, தலைவர் போன்ற பொறுப்புகள் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். என்ட்ரி வாங்குவது, ஓடும் வரிசை போடுவது, ஏ.கே.சி.க்குக் காகிதம் அனுப்புவது எல்லாம் அவர்கள் பாடு. உங்களுக்கு வருவது வயல் வேலை. டெஸ்ட்டில் ஜூனியர், சீனியர், மாஸ்டர் என்று மூன்று நிலைகள்; ஒவ்வொன்றையும் ஸ்டேக் என்பார்கள். "ஜூனியர் ஸ்டேக்கில் பறவை வீசப் போகிறேன், அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்" என்று பதில் போடுங்கள். ஜூனியரில் நாய்க்கு ஒரு நேரத்தில் ஒரே பறவை. நிலத்தில் இரண்டு, தண்ணீரில் இரண்டு. தூரமும் 100 கெஜத்தைத் தாண்டாது. மாஸ்டரில் மூன்று பறவைகள் அடுத்தடுத்து விழும், மூன்று இடத்திலும் ஆட்கள் ஒரே ஒழுங்கில் இயங்க வேண்டும். அது முதல் நாள் வேலை இல்லை.

உடை: அடர் நிறம் அல்லது கேமோ. ஹண்ட் டெஸ்ட்டில் வீசுபவர் நாயின் கண்ணில் படாமல் மறைந்திருக்க வேண்டும், அதனால் வெள்ளை டிஷர்ட் வேண்டாம். பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துப் புல்லில் உண்ணி அதிகம்.

படி 2: பறவை வீசுவது

இப்போது பெரும்பாலும் கையால் வீசுவதில்லை. விங்கர் என்று ஒரு கருவி: இரண்டு கை, நடுவில் ரப்பர் பட்டையோடு ஒரு பை. பையைப் பின்னால் இழுத்துக் கொக்கியில் மாட்டி, பறவையை வைத்து, கயிற்றை இழுத்தாலோ ரிமோட்டை அமுக்கினாலோ பறவை பறக்கும். கையால் வீசுவதுதான் அழகு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். எனக்கு விங்கர்தான் பிடிக்கும். கைக்குப் பத்து மணிக்கு மேல் வலிக்கும், விங்கருக்கு வலிக்காது. ஒன்று மட்டும்: இழுத்து மாட்டிய விங்கருக்கு முன்னால் எந்தக் காரணத்துக்கும் தலையை நீட்டாதீர்கள். பறவையைப் பக்கவாட்டிலிருந்து வையுங்கள்.

வரிசை இதுதான். வாக்கி-டாக்கியில் அல்லது கையசைவில் ஜட்ஜ் சைகை கொடுப்பார். டக் கால் (வாத்துக் குரல் எழுப்பும் ஊதல்) ஊதுங்கள். பறவையை விடுங்கள். அது உச்சிக்குப் போகும்போது பாப்பரைச் சுடுங்கள். பாப்பர் என்பது ஷாட்கன்னில் போடும் வெற்றுத் தோட்டா: குண்டு கிடையாது, சத்தம் மட்டும்தான். ஆனால் நிஜத் துப்பாக்கிச் சத்தம், காது மூடி கட்டாயம். பஞ்சு போன்ற இயர் பிளக்கை விட எலக்ட்ரானிக் மஃப் நல்லது. வெடியை அடக்கும், வாக்கி-டாக்கியில் ஜட்ஜ் பேசுவதும் கேட்கும்.

வெடித்த பிறகுதான் கஷ்டமான பகுதி: சும்மா இருப்பது. நாய் வரும், தேடும், சில சமயம் உங்கள் மறைப்புக்கே வந்து முகர்ந்து பார்க்கும். அதன் முகத்தைப் பார்க்காதீர்கள், பேசாதீர்கள், அசையாதீர்கள். பறவை கிடக்கும் பக்கம் கண்ணைத் திருப்பினால்கூட அது குறிப்புதான். நாய் பறவையோடு லைனுக்கு, அதாவது கையாளுபவர் நிற்கும் இடத்துக்குத் திரும்பி, அவர் கையில் கொடுக்கும்வரை விங்கரை மறுபடி ஏற்ற வேண்டாம். உலோகச் சத்தம் கேட்டால் பாதி வழியில் திரும்பி உங்களிடம் ஓடி வரும் நாய்கள் உண்டு.

நனைந்த வாத்து கனக்கும், குறைந்த தூரமே பறக்கும். உலர்ந்ததையும் நனைந்ததையும் கலந்து ஏற்றினால் ஒவ்வொரு நாய்க்கும் ஒவ்வொரு டெஸ்ட் ஆகிவிடும். எனவே பறவைகளை இரண்டு குவியலாகப் பிரித்து வையுங்கள். பையில் வைக்கும் விதமும் ஒன்றாகவே இருக்கட்டும்: இறக்கை மடித்து, தலை ஒரே பக்கம். பறவை தவறாக விழுந்தால் ஜட்ஜ் "நோ பேர்ட்" என்பார், அதாவது அந்தப் பறவை கணக்கில் இல்லை. அவர் சொல்லும்வரை எழுந்து போய் எடுக்காதீர்கள். காற்று மாறி, பறவை இடம் தள்ளி விழத் தொடங்கினால், நீங்களாகக் கோணத்தை மாற்றாமல் ஜட்ஜிடம் சொல்லுங்கள்.

உட்காரக் குட்டை ஸ்டூல் எடுத்துப் போங்கள். முதுகு சாயும் முகாம் நாற்காலியில் உட்கார்ந்தால் தலை மறைப்புக்கு மேலே தெரியும்.

படி 3: மார்ஷல்

அடுத்து ஓட வேண்டிய நாய்களைக் கூப்பிட்டு வரிசையாக லைனுக்கு அனுப்புபவர்தான் மார்ஷல். புதியவர்கள் பலர் இதைச் சுலபம் என்று நினைத்துக் கேட்டு வாங்குவார்கள். கையில் அட்டை, வாயில் எண், அவ்வளவுதானே என்று. உண்மையில் டெஸ்ட் தாமதமானால் பெரும்பாலும் காரணம் இந்த இடம்தான். கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்கு ஆள் நிறுத்தியிருப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: இலை காலியாகும் முன்பே ஆள் தயாராக நிற்க வேண்டும்.

லைனில் ஒரு நாய், ஹோல்டிங் பிளைண்டுகளில் (காத்திருக்கும் நாய் வயலைப் பார்க்காதபடி வைத்த மறைப்புகள்) அடுத்த இரண்டு, அதற்கடுத்த நாயின் ஆள் கண்ணெதிரே. இது எப்போதும் குறையக்கூடாது. இதைக் குலைப்பவர்கள் தொழில்முறைப் பயிற்சியாளர்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஒருவரே பல நாய்களை ஓட்டுவார், பக்கத்து வயலில் சீனியர், மாஸ்டர் ஸ்டேக்கிலும் அவருக்கு நாய்கள் இருக்கும். தாளில் 7, 8, 9 என்று வரிசையாக அவர் பெயர்தான். 7 முடித்து வண்டிக்குப் போய் 8ஐக் கொண்டுவரும்வரை ஜட்ஜுகள் வெறும் வயலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு வழி, முதல் நாய் ஓடும் முன்பே வண்டிகள் நிற்கும் இடத்துக்கு நடந்துபோய் ஒவ்வொருவரையும் கேட்பது: எத்தனை நாய், வேறு எந்த ஸ்டேக், எந்த நேரம் இங்கே இருப்பீர்கள்? பதிலை வரிசைத் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். அவருடைய இரண்டு நாய்களுக்கு நடுவே வேறு ஆட்களின் நாய்களை நுழைக்கலாமா என்று ஜட்ஜுகளிடம் கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். அப்புறம் பக்கத்து ஸ்டேக் மார்ஷலோடு வாக்கி-டாக்கியில் தொடர்பு. பெரிய வெள்ளைப் பலகையில் எண்களை எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தால், "எனக்கு முன்னால் எத்தனை பேர்?" என்ற கேள்வி பாதியாகக் குறையும். போனில் இதற்குச் செயலி தேடாதீர்கள். வெயிலில் திரை தெரியாது, மழையில் விரல் வேலை செய்யாது. அட்டை, பென்சில். பேனா மழையில் ஊறும்.

சீனியர், மாஸ்டரில் ஒரு சிக்கல் கூடுதல்: ஹானர். தன் வேலையை முடித்த நாய், அடுத்த நாய்க்குப் பறவை விழும்போது பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படியானால் கடைசியாக ஓடிய நாய் எதைப் பார்த்து உட்காரும்? அதற்காகவே ஒரு பை டாக் வேண்டும், மதிப்பெண் இல்லாமல் கடைசியில் ஓட. அந்த நாயையும் அதன் உரிமையாளரையும் மத்தியானத்துக்கு முன்பே பிடித்துச் சொல்லி வையுங்கள். சாயங்காலம் தேடினால் வண்டிகள் கிளம்பியிருக்கும்.

எந்த நாய் நன்றாகச் செய்தது என்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். அடுத்த சுற்றுக்கு அழைக்கப்பட்ட எண்களை ஜட்ஜ் கொடுத்த தாளிலிருந்து வாசிப்பதோடு உங்கள் வேலை முடிந்தது.

படி 4: மற்றவை

பறவைப் பொறுப்பாளர் வீசும் இடங்களுக்குப் பறவை கொண்டுபோய், கிழிந்ததை ஒதுக்குவார். மதிய உணவு, வண்டி நிறுத்தம் இரண்டும் எளிது, நன்றியும் அதிகம். ஃப்ளையர், அதாவது உயிருள்ள வாத்தைப் பறக்கவிட்டுச் சுடும் இடம், அனுபவமுள்ள துப்பாக்கிக்காரர்களுக்கு மட்டும். அங்கே வேடிக்கை பார்க்கவும் அனுமதி கேட்டுத்தான் போங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

"நாங்கள் சைவம், செத்த வாத்தைத் தொடாமல் உதவ முடியுமா?" முடியும். மார்ஷல், உணவு, வண்டி நிறுத்தம் எதிலும் பறவை கைக்கு வராது. ஃப்ளையர் பார்க்க மனம் ஒப்பாது என்றால் எந்த ஸ்டேக்கில் அது இருக்கிறது என்று முன்பே கேட்டு, வேறு ஸ்டேக்கில் பெயர் கொடுங்கள்.

"எச்-1பி விசாவில் இருக்கிறேன், பாப்பர் சுடலாமா?" இதை நான் முதலில் எழுதாமல் விட்டேன், ஆனால் முக்கியம். குடியேற்றமில்லா விசாவில் வந்தவர் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பவருக்கு விலக்கு உண்டு. பாப்பர் வெற்று வெடிதான், ஆனால் அதைச் சுடும் ஷாட்கன் துப்பாக்கிதான். உரிமம் இல்லையென்றால் துப்பாக்கியைப் பக்கத்து ஆளிடம் விட்டுவிட்டு விங்கரை மட்டும் பாருங்கள். சந்தேகமிருந்தால் வழக்கறிஞரிடம் கேளுங்கள், கிளப்பில் இருப்பவர்களிடம் இல்லை.

"என் நாயும் அன்றைக்கே ஓடுகிறது, வாலண்டியராகவும் இருக்கலாமா?" இருக்கலாம். உங்கள் நாய் ஓடும் ஸ்டேக்கில் இல்லாமல் வேறு ஸ்டேக்கில் வேலை கேளுங்கள், உங்கள் எண்ணை இரண்டு மார்ஷல்களிடமும் சொல்லி வையுங்கள். முறை நெருங்கும்போது மாற்று ஆள் வந்து, நீங்கள் பறவையைப் பையில் எப்படி வைக்கிறீர்கள், எப்போது சுடுகிறீர்கள் என்று இரண்டு நாய்களுக்காவது பார்த்த பிறகு எழுந்து போங்கள்.