சிவப்பு பாண்டாவைப் பார்க்கப் போய்ச் செய்யும் தவறுகள்

கேமரா பழகுகிற பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வருடா வருடம் டார்ஜிலிங் போகிறேன். பத்மஜா நாயுடு உயிரியல் பூங்காவில் சிவப்பு பாண்டாவைப் பார்த்ததும், பன்னிரண்டு வருடம் முன்பு நான் அடித்த கூத்தையெல்லாம் அப்படியே அடிக்கிறார்கள். பிஸ்கட் போடாதே, ஃப்ளாஷ் அடிக்காதே என்பதை போர்டே சொல்லிவிடுகிறது. அதை விடுங்கள்.

கை தூக்குவது வணக்கம் இல்லை

முதல் முறை போனபோது ஒன்று மரத்திலிருந்து தலைகீழாக இறங்கி வந்தது. மூங்கில் கொத்தை வளைத்துப் பிடித்து, இலையை வாயின் ஓரத்தில் வைத்து நறுக்கத் தொடங்கியது. முகம் திரும்பினால் நல்ல படம் கிடைக்குமே என்று விசிலடித்தேன். சட்டென்று பின்னங்காலில் எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியது. ‘சரண்டர்’ என்று சொல்வதுபோல! நாற்பது படமாவது எடுத்திருப்பேன்.

பக்கத்தில் நின்ற ஊழியர் மெதுவாகச் சொன்னார்: “பயந்துபோச்சு சார்.”

தன்னைப் பெரிதாகக் காட்டி எதிரியை விரட்டப் பார்க்கும் நிலை அது. கையைத் தொங்கவிட்டு, மூக்கை நீட்டி நின்றால் வேடிக்கை பார்க்கிறது என்று கொள்ளலாம். 2005-இல் ஜப்பானின் சிபா பூங்காவில் எழுந்து நின்றே புகழ்பெற்ற ஃபூட்டா என்ற சிவப்பு பாண்டாவைப் போல. கை மேலே போய், புஸ்ஸென்று மூச்சு விட்டால் விஷயம் வேறு.

அன்றைக்கு அது சாப்பாட்டைப் போட்டுவிட்டு மரம் ஏறியது. நான் இருந்தவரை இறங்கவில்லை. இதில் என்ன நஷ்டம் என்கிறீர்களா? சிவப்பு பாண்டாவின் குடல் மாமிசம் தின்னும் பிராணியின் குடல், நீளம் குறைவு. தின்கிற மூங்கிலில் ஏறக்குறைய கால் பங்குதான் உடம்பில் ஒட்டும். அதனால் தின்றுகொண்டே இருந்தாக வேண்டும். என் ஒரு விசிலுக்கு அதன் ஒரு வேளைச் சாப்பாடு போயிற்று.

அந்தப் படத்தைத்தான் அப்புறம் ஊரெல்லாம் பகிர்ந்தார்கள். இன்றைக்கும் என்னோடு வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். “சார், அந்த போஸ் எப்படி வரவைக்கிறது?” என்பார்கள். நான் பதில் சொல்வதற்குள் ஒருவர் ‘ச்சு ச்சு’ என்று ஆரம்பித்திருப்பார். எரிச்சல் அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

மதியம் போவது

தூங்கும். விடியலும் அந்தியும்தான் அதன் பொழுது.

‘ஹாயாகப் படுத்திருக்கு’ என்று நினைப்பது

கிளைமேல் குப்புறப் படுத்து நாலு காலையும் தொங்கவிட்டிருந்தால் அதற்குப் புழுங்குகிறது என்று பொருள். குளிர்கிற நாளில் சுருண்டு, வாலை முகத்தின் மேல் போர்த்திக்கொள்ளும். உள்ளங்காலிலும் முடி உள்ள பிராணி. 25 டிகிரி தாண்டினாலே அதற்குச் சிரமம். சிங்கப்பூரில் குளிரூட்டிய கூடத்தில் வைத்திருப்பது இதனால்தான்.

கூட்டுக்குள் எட்டிப் பார்ப்பது

குட்டி பெரும்பாலும் ஜூன், ஜூலையில் பிறக்கும். ஆள் நடமாட்டம் தொந்தரவாகிவிட்டால், தாய் குட்டியின் கழுத்தைக் கவ்விக்கொண்டு கூடு விட்டுக் கூடு மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த அலைச்சலில் குட்டி செத்துப்போவதும் உண்டு. அந்த மாதங்களில் நான் யாரையும் கூட்டிப்போவதில்லை.

காசு கட்டிக் கையால் ஊட்டுவது

வெளிநாட்டுப் பூங்காக்கள் சிலவற்றில் ஆப்பிள் துண்டு கொடுத்து உங்கள் மடியில் ஏறவைப்பார்கள். அது உங்களிடம் வரவில்லை, ஆப்பிளிடம் வருகிறது. டார்ஜிலிங்கில் கணக்கே வேறு. அங்கே வளர்ந்த ஸ்வீட்டி, மினி என்ற இரண்டு பெண் பாண்டாக்களை 2003-இல் பக்கத்திலுள்ள சிங்கலீலா காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மனிதனைக் கண்டால் மடி தேடுகிற பாண்டாவைக் காட்டில் விட்டு என்ன பயன்?

‘கரடிக்குட்டி’ என்பது

கரடி இல்லை. விலங்கியல் கணக்கில் தனிக் குடும்பம்.

வியாழக்கிழமை போவது

பூங்காவுக்கு அன்று விடுமுறை. இதையும் நான் செய்திருக்கிறேன்.