ஒரே தேதியுள்ள ஏழு கற்கள்: குண்டுவீச்சு விமானக் குழுவினரை நினைவுகூரும் முறை

புதுச்சேரியில் பிரான்சில் உறவினர் இல்லாத தெரு குறைவு. அங்கே குடியிருக்கும் நம்மவர்கள் நவம்பர் முதல் நாளில் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது, குடும்பக் கல்லறைகளுக்கு நடுவே ஒரே அளவில் வரிசையாக நிற்கும் வெள்ளைக் கற்களைப் பார்த்து, இவர்கள் யார் என்று இங்கே தொலைபேசியில் கேட்பதுண்டு. கற்களில் பிரித்தானிய அரச வான்படையின் கழுகுச் சின்னமும் ஒரே இறந்த தேதியும் இருந்தால், அவை பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரில் வீழ்ந்த குண்டுவீச்சு விமானம் ஒன்றின் குழுவினருடையவை. 'பாம்பர் கமாண்ட்' எனப்பட்ட அந்தக் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் திரும்பவில்லை.

முதலில் கல்லைப் படியுங்கள். சின்னத்துக்குக் கீழே படை எண், பதவி, பெயர், விமானத்தில் அவர் செய்த பணி, இறந்த நாள், வயது ஆகியவை இருக்கும். அடியில் குடும்பத்தார் தேர்ந்த வாசகம் இருக்கலாம்; அதற்கு எழுத்து எண்ணிக்கையில் வரம்பு இருந்தது. நியூசிலாந்து வீரர்களின் கற்களில் அந்த வாசகம் இராது, அது அந்நாட்டு அரசு எடுத்த முடிவு. நண்பகலில் எடுத்த படத்தில் வெள்ளைக் கல்லின் எழுத்துகள் மங்கிப்போகும். எனக்கு வந்த முதல் படத்தில் படை எண்ணின் 3-ஐ 8 என்று படித்து இரண்டு மாலைப்பொழுதுகளை வீணாக்கினேன். வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் நேரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். எழுத்து தெரிவதற்காகச் சுண்ணக்கட்டியால் தேய்ப்பது கூடவே கூடாது.

அடுத்து, எண்ணுங்கள். லங்காஸ்டர், ஹாலிஃபாக்ஸ் விமானங்களில் வழக்கமாக ஏழு பேர்: விமானி, விமானப் பொறியாளர், வழிகாட்டுநர், குண்டு வீசுபவர், கம்பியில்லாத் தந்தி இயக்குநர், மேல்நடுவிலும் வாலிலும் இரு துப்பாக்கியாளர்கள். பழகுவதற்காக இன்னொரு விமானியையும் சேர்த்து அனுப்பிய இரவுகளில் எட்டுப் பேர். கற்கள் ஐந்தே இருந்தால், மற்ற இருவர் என்ன ஆனார்கள் என்பதுதான் தேடலின் முக்கியமான கேள்வி. அவர்கள் பாராசூட்டில் குதித்துத் தப்பியிருக்கலாம், சிறைப்பட்டிருக்கலாம், அல்லது உடலே கிடைக்காமல் போயிருக்கலாம். அப்படிக் கல்லறை இல்லாமல் போன 20,000-க்கும் மேற்பட்ட வான்படையினரின் பெயர்கள் இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவகத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. கற்கள் இடைவெளியின்றி தோளோடு தோள் ஒட்டி நின்றால், அது இடநெருக்கடியால் அல்ல. உடல்களைத் தனித்தனியே அடையாளம் காண முடியாமல் ஒரே குழியில் அடக்கம் செய்திருக்கிறார்கள் என்பதே பெரும்பாலும் பொருள்.

பெயரும் படை எண்ணும் கிடைத்துவிட்டால், 1917-இல் தொடங்கிய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் கட்டணமின்றித் தேடலாம். பெற்றோர் பெயர், ஊர், ஸ்குவாட்ரன் (விமான அணி) எண் ஆகியவை பல பதிவுகளில் இருக்கும். ஸ்குவாட்ரன் எண் தெரிந்தால், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஏர் 27' வரிசையில் அந்த அணியின் தினசரிக் குறிப்பேடு இருக்கும். இங்கே பலர் தடுக்கி விழும் இடம் தேதி. விமானங்கள் மாலையில் புறப்பட்டு நள்ளிரவுக்குப் பின் வீழ்ந்தவை ஆதலால், கல்லில் 12 என்றிருந்தால் குறிப்பேட்டில் 11-ஆம் தேதியையும் பாருங்கள். 'மேரி' எனப்படும் கிராமத்து ஊராட்சி அலுவலகத்திலும் ஒரு சொல் கேட்பது நல்லது. விமானம் விழுந்த வயலை அங்கே இன்னும் யாராவது காட்டுவார்கள்.

இனி, நினைவு வழிபாடு. பூசைக்குப் பெயர் கொடுப்பதற்கு முன், கல்லில் சிலுவை இருக்கிறதா, யூதருக்குரிய தாவீதின் விண்மீன் இருக்கிறதா என்று பாருங்கள். பூவுக்குச் சாமந்தியே போதும், நவம்பரில் பிரான்சின் கல்லறைகளெல்லாம் சாமந்தித் தொட்டிகள்தான். (அதே பூவை அங்கே ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போகும்போது கொண்டுபோய்விடாதீர்கள்.) புதுச்சேரியின் உப்பளம் கல்லறையில் செய்வதுபோல் மெழுகுவர்த்தியைக் கல்மேலேயே ஒட்டி ஏற்றக் கூடாது. போர்ட்லாந்து சுண்ணாம்புக்கல் மெழுகை உறிஞ்சிக்கொண்டால் கறை போகாது. கண்ணாடிக் குவளையில் வைத்துத் தரையில் ஏற்றுங்கள். எண்ணெயும் சந்தனமும் வேண்டாம். செடி நட விரும்பினால் ஆணையத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர்களை வாசிக்கும்போது பதவி வரிசையைப் பின்பற்றாமல் பணி வரிசையைப் பின்பற்றுவதே பொருத்தம் என்பது என் கருத்து. விமானி வெறும் சார்ஜண்டாகவும் வழிகாட்டுநர் அதிகாரியாகவும் இருந்த குழுக்கள் உண்டு. ஆனாலும் விமானத்துக்குத் தலைவர் விமானியே. அவரில் தொடங்கி வால் துப்பாக்கியாளரில் முடியுங்கள். உயிர் தப்பியவர் பெயர் தெரிந்திருந்தால் அவரையும் அவரது இடத்தில் சேர்த்தே வாசியுங்கள்.

பிரான்சுக்குப் போக வழியில்லாதவர்கள் சென்னை நந்தம்பாக்கம் செல்லலாம். மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் இரண்டாம் உலகப் போரில் மாண்ட 850-க்கும் மேற்பட்டவர்கள் உறங்குகிறார்கள். தெற்கு, கிழக்கு இந்தியக் கல்லறைகள் பலவற்றிலிருந்து அவர்களை 1952-இல் அங்கே கொண்டு சேர்த்தார்கள். வான்படையினரின் கற்களும் அங்கே உண்டு. பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் உளுந்தூர்ப்பேட்டை ஓடுதளம் அந்தப் போருக்காகப் போடப்பட்டதுதான் என்பதைக் கடலூர்ப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் வழியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போகலாம். கையில் ஒரு குறிப்பேடும் பென்சிலும் இருக்கட்டும். அங்கேயும் தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தால், ஒன்றாகப் பறந்தவர்கள் யார் யார் என்பது தெரியவரும்.