மதுரையிலிருந்து லடாக்கின் எல்லைக் கிராமமான துர்துக் செல்வோர் கவனத்திற்கு

சுமார் 100 மீட்டர் உயரத்திலுள்ள மதுரையில் பழகிய உடலுக்கு லடாக்கில் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரின் காற்று போதாது என்பதால், விமானத்தில் சென்று இறங்கியபின் முதல் இரண்டு நாட்கள் எங்கும் அலையாமல் அறையிலேயே ஓய்வெடுங்கள். இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் டிக்கெட் எடுக்கவே கூடாது. நம்மூர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் இயங்காது. போஸ்ட்பெய்டு எண் அவசியம்.

லேயிலிருந்து துர்துக்கிற்கு, கர்துங் லா கணவாயைக் கடந்து, ஷியோக் ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்ல வேண்டும். ஒரே மூச்சில் போகாமல் இடையில் டிஸ்கிட்டில் ஓர் இரவு தங்குவதே நல்லது. சோதனைச் சாவடிகளில் காட்ட அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருங்கள்.

பால்டி மக்கள் வாழும் துர்துக் 1971 போர் வரை பாகிஸ்தான் வசம் இருந்தது. சேவாங் ரிஞ்சன் தலைமையிலான இந்தியப் படை அதைக் கைப்பற்றியபோது பல குடும்பங்கள் எல்லைக்கு இருபுறமும் பிரிந்துபோயின. ஆகவே, திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவரிடம் "உங்களுக்கு எந்த நாடு பிடிக்கும்?" என்று எடுத்த எடுப்பில் கேட்பது கொடுமை, அவராகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள். பெண்களையும் ராணுவ நிலைகளையும் படமெடுக்காதீர்கள்.

கற்களை இடைவெளிவிட்டு அடுக்கி, குளிர்ந்த காற்று உள்ளே வரும்படி கட்டிய சிற்றறைகளில் வெண்ணெயும் இறைச்சியும் கெடாமல் இருப்பதை வீட்டாரின் அனுமதியோடு அவசியம் பாருங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சென்றால் மரத்தில் பழுத்த ஆப்ரிகாட் கிடைக்கும். ஊருக்குக் கொண்டுவர உலர்ந்த பழத்தை அவர்களிடமே நேரடியாக வாங்குங்கள்.