ஹேண்ட்பேன் பழக, முதலில் மோதிரத்தைக் கழற்றுங்கள்

செங்கோட்டையிலிருந்து சனிக்கிழமைதோறும் புனலூர் போய், மாஷிடம் (மலையாளத்தில் ஆசிரியர்) ஒரு மணி நேரம் ஹேண்ட்பேன் பழகுகிறேன். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 2000-இல் உருவான ‘ஹேங்’ வழி வந்த, கையால் தட்டி வாசிக்கும் எஃகு வாத்தியம் இது.

உடனே வாங்க வேண்டாம். நாலைந்து வகுப்புகள் வரை ஆசிரியருடைய கருவியிலேயே வாசியுங்கள்; வாங்கியபின் நாமாகச் சுருதி மாற்ற முடியாது. தொடக்கத்துக்கு 9 சுரமுள்ள ‘டி குர்ட்’ என்ற சுர வரிசைக் கருவி போதும். நடுவிலிருக்கும் ‘டிங்’ இரண்டு கட்டைச் சட்ஜம், சுற்றிலும் நடபைரவி ராகத்தின் சுரங்கள். ஆனால் டிங்கை அடுத்து நேராகப் பஞ்சமம்தான். கீழ் ஸ்தாயியில் ரி, க, ம கிடையாது. பாட்டு கற்றவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

அப்புறம் அடி. ஓங்கவே கூடாது. சுடுகிற இட்லிப் பானை மூடியைத் தொட்ட விரல் எப்படிச் சட்டென்று எழும்? அப்படி, நுனிச் சதை பட்டதும் எழ வேண்டும். தங்கினால் நாதம் அடங்கிவிடும். மாஷ் எனக்கு இரண்டு மாதம் டிங்கும் பஞ்சமமும் மட்டுமே கொடுத்தார். அந்தப் பொறுமை உள்ள ஆசிரியரையே தேடிப் பிடியுங்கள், வேகத்தைக் காட்டி மயக்குபவர் வேண்டாம்.

வாசித்து முடித்ததும் வியர்வை போக உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். எங்கள் சாரல் மாதங்களில் ஒரு நாள் மறந்தாலும் எஃகில் துரு எட்டிப் பார்க்கும்.