வீட்டுல லைசென்ஸ் துப்பாக்கி இருக்கா? திருடன் கைக்குப் போகாம வைக்கிறது எப்படி, படிப்படியா

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் பழைய வீடுகள்ல தாத்தா காலத்து ஒத்தைக்குழல் ரெட்டைக்குழல் துப்பாக்கி லைசென்ஸோட இன்னமும் இருக்கு, பன்னி வயல்ல எறங்குதுன்னு பயிர்ப் பாதுகாப்புக்காக வாங்குனவங்களும் இருக்காங்க. ஏன் வச்சிருக்கீங்கன்னு கேட்டா வீட்டுக்கு ஒரு தைரியம்னு சொல்வாங்க. ஆனா வருஷத்துல முக்கால்வாசி நாள் அந்தத் துப்பாக்கி பீரோ மேல கோணிச்சாக்குல சுத்திக் கிடக்கும், வீட்டுல வயசான ரெண்டு பேரு இருப்பாங்க, பசங்க சிங்கப்பூர்லயோ துபாய்லயோ இருப்பாங்க, கல்யாணம் காதுகுத்துன்னு போனா வீடே பூட்டிக் கிடக்கும். திருடனுக்கு இதைவிட என்ன வேணும். நகை போனா நம்ம குடும்பத்துக்குத்தான் நஷ்டம், துப்பாக்கி போனா அது எந்த ஊர்ல யாரு மேல திரும்பும்னு சொல்லவே முடியாது. அதனால துப்பாக்கி நம்ம வீட்டைக் காக்குமாங்கிறதை அப்புறம் பாப்போம், மொதல்ல நம்ம வீடு அந்தத் துப்பாக்கியைக் காக்குதான்னு பாக்கணும். புதுசா லைசென்ஸ் எடுத்தவங்க, அப்பா காலத்துக்கு அப்புறம் பொறுப்பு கைக்கு வந்தவங்க, இவங்களை மனசுல வச்சுத்தான் எழுதுறேன்.

படி 1: கொல்லையிலேர்ந்து ஆரம்பிங்க

எல்லாரும் வாசக்கதவுக்குத்தான் செலவு பண்றாங்க. நம்ம பக்கத்துப் பழைய வீட்டுல வாசக்கதவு தேக்குல ரெண்டு அங்குல கனத்துல இருக்கும், அதை ஒடைக்க எவனும் வர மாட்டான். திண்ணை, ரேழி, கூடம், ரெண்டாங்கட்டு எல்லாம் தாண்டி கொல்லைக்கதவுக்குப் போய் நின்னு பாருங்க, அங்க ஒரு மெல்லிசுப் பலகைக் கதவும் துருப்பிடிச்ச கொண்டியும்தான் இருக்கும். அதுக்குப் பின்னாடி தென்னை, வாழை, அதுக்கும் பின்னாடி வாய்க்கால். மேட்டூர் தண்ணி ஓடுற வரைக்கும் அந்த வாய்க்கால் ஒரு காவல் மாதிரி, வழக்கப்படி ஜனவரி 28 அணையை மூடி ஜூன் 12 தெறக்குற வரைக்கும் இருக்குற கோடையில அது காய்ஞ்சு போய் தெருவுக்கே தெரியாம கொல்லைக்கு வர்ற பாதையா ஆயிடும். அதனால மாசி பங்குனிக்கு முன்னாடியே கொல்லைப்பக்கத்தை ஒரு தடவை பாத்துடுங்க.

என்ன பண்ணணும்னா, கொல்லைக்கதவுக்கு உள்பக்கம் மேலயும் கீழயும் தாழ்ப்பாள், நடுவுல நல்ல கனமான ஆல்டிராப் (பூட்டு மாட்டுற உருட்டுக்கம்பித் தாழ்ப்பாள்), அதோட ஸ்க்ரூ ரெண்டு அங்குலத்துக்குக் கொறையாம நிலைக்குள்ள போகணும், சின்ன ஸ்க்ரூ போட்டா பூட்டு எவ்வளவு காஸ்ட்லியா இருந்தாலும் நெம்புனா ஸ்க்ரூவோட சேத்து வந்துடும். முடிஞ்சா கதவுக்கு வெளிய ஒரு இரும்பு கிரில் கேட். நிலை செல்லரிச்சிருக்கான்னு ஒரு ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க, பொசுக்குன்னு உள்ள போச்சுன்னா மொதல்ல நிலையை மாத்துங்க.

அடுத்தது முற்றம். வானம் தெரியுற முற்றத்துக்கு மேல கம்பி வலை மட்டும் போட்டிருந்தா பத்தாது, கம்பி செவுத்துக்குள்ள பதிஞ்சிருக்கணும். ஓட்டு வீடா இருந்தா ஓட்டைப் பிரிச்சு எறங்குறதும் பழைய வழிதான், அதுக்கு அவங்களுக்கு ஏணி வேணும், அந்த ஏணியை நாமளே தேங்கா பறிக்க வாங்கி கொல்லையில சாத்தி வச்சிருக்கோம். கடப்பாரை, மண்வெட்டி, அருவா எல்லாமே மாட்டுக்கொட்டாய்லயும் மோட்டார் ரூம்லயும் கிடக்கும். வர்றவன் வெறுங்கையோட வந்தாப் போதும்ங்கிற நிலைமைதான். ஏணியைச் சங்கிலி போட்டுப் பூட்டுங்க, கடப்பாரையை வீட்டுக்குள்ள வைங்க. இதுக்குப் பெரிய செலவே இல்ல, ஆனா இதைத்தான் யாரும் செய்றதில்ல.

படி 2: வீட்டுல ஆள் இல்லைன்னு ஊருக்குச் சொல்லாதீங்க

நம்ம ஊர்ல கல்யாணம்னா நாலு ரோட்டுல பிளெக்ஸ் வைப்போம், தேதி, மண்டபம், குடும்பத்துல அத்தனை பேரு போட்டோவும் இருக்கும். அன்னைக்கு அந்த வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்கன்னு படிக்கத் தெரிஞ்ச எவனுக்கும் புரியும். வேளாங்கண்ணித் திருவிழா, திருவாரூர் தேர் மாதிரி நாள்லயும் தெருவே காலியா இருக்கும். பிளெக்ஸ் வைக்காதீங்கன்னு சொல்லல, அன்னைக்கு ராத்திரி நம்பிக்கையான ஒரு பங்காளியையோ மாமாவையோ வீட்டுல படுக்க வைங்க. வெளியூர் போறப்ப உள்ளூர் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க, ரோந்து வர்ற போலீஸ் பூட்டின வீட்டைப் பாத்துட்டுப் போவாங்க. போன்ல காவல் உதவி ஆப் போட்டு வச்சுக்கங்க, அவசரத்துக்கு 100 இல்லன்னா 112. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் திரும்பி வந்து போட்டுக்கலாம்.

சிசிடிவி நல்லதுதான். கேமரா வாசல்ல ஒண்ணு, கொல்லையில கட்டாயம் ஒண்ணு. பதிவாகுற பெட்டியை டிவிக்குக் கீழ வைக்காதீங்க, அதையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிடுவாங்க, பரண்லயோ வேற ரூம்லயோ மறைவா வச்சு சின்ன யுபிஎஸ் குடுங்க. 2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சப்ப வேதாரண்யம் பக்கமெல்லாம் எத்தனை நாள் கரண்ட் இல்லாம கிடந்துச்சுன்னு நமக்குத் தெரியும், அதனால கரண்ட்டை மட்டும் நம்புற எந்தப் பாதுகாப்பும் ஐப்பசி கார்த்திகையில பாதிப் பாதுகாப்புதான்.

படி 3: துப்பாக்கி காலியா இருக்கான்னு பாத்து, பிரிச்சு வைங்க

இங்கதான் புதுசா வர்றவங்க நிறுத்தி நிதானமாப் படிக்கணும். துப்பாக்கியைத் தொடுறதுக்கு முன்னாடியே அதுல தோட்டா இருக்குன்னு நெனச்சுக்கிட்டுத்தான் தொடணும். விரல் குதிரை (சுடுறதுக்கு இழுக்குற விசை) பக்கம் போகக் கூடாது, குழல் வாய் ஆள் மேலயோ வீட்டுக்குள்ளயோ திரும்பக் கூடாது. மடக்குற மாடல் 12 போரா (போர்ங்கிறது குழலோட அளவு) இருந்தா லிவரைத் தள்ளி மடக்கித் தெறந்து, ரெட்டைக்குழல்னா ரெண்டு குழலையும் கண்ணால பாத்து விரலாலயும் தடவிப் பாக்கணும். வாய் வழியா மருந்து கெட்டிக்கிற பழைய நாட்டுத் துப்பாக்கியா இருந்தா மடக்கிப் பாக்க வழியே கிடையாது, உள்ள என்ன கிடக்குன்னு வெளியேர்ந்து தெரியாது, அதை நீங்களே குடைஞ்சு பாக்காதீங்க, லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடைக்காரர்கிட்ட சொல்லிக் காலி பண்ணி வாங்குங்க.

காலின்னு உறுதியானதும் பிரிச்சிடுங்க. மடக்குற 12 போர் பொதுவா மூணு பாகமா வந்துடும், குழல், குழலுக்கு அடியில வர்ற கைப்பிடிக் கட்டை, குதிரையோட சேந்த பின்கட்டை. குழலை ஒரு எடத்துலயும் பின்கட்டையை வேற பூட்டுக்குள்ளயும் வச்சா, எவனாவது ஒண்ணைத் தூக்கிட்டுப் போனாலும் அது சுடாது. இது என் சொந்த ஐடியா இல்ல, 2016 ஆயுத விதிகள்லயே லைசென்ஸ் கேக்குறப்ப துப்பாக்கியையும் தோட்டாவையும் பிரிச்ச நிலையில பத்திரமா வைப்பேன், வீட்டுக் கொழந்தைங்க கைக்குக்கூட எட்டாம பாத்துப்பேன்னு உறுதிமொழி எழுதிக் குடுக்கணும்னு இருக்கு. நிறைய பேரு அதுல கையெழுத்துப் போட்டது ஞாபகமே இல்லாம இருக்காங்க.

தோட்டா தனிப் பூட்டுல, முடிஞ்சா தனி ரூம்ல. காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, எத்தனை இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க, லைசென்ஸ்ல போட்ட எண்ணிக்கைக்கு மேல ஒண்ணுகூட இருக்கக் கூடாது. ஊறிப்போன, பச்சை பூத்த பழைய தோட்டாவை ஆத்துலயோ கெணத்துலயோ போடாதீங்க, ஸ்டேஷன்லயோ ஆயுதக் கடையிலயோ சொன்னா என்ன பண்ணணும்னு சொல்வாங்க.

படி 4: பெட்டி, அதைவிட முக்கியம் அதைப் பிடிச்சிருக்குற போல்ட்டு

சாதா பீரோ தகடு மெல்லிசு, கடப்பாரையை இடுக்குல விட்டு நெம்புனா கதவு வளைஞ்சுடும். துப்பாக்கிக்குன்னே வர்ற கனத்தகடு அலமாரி வாங்குங்க, இல்லன்னா தெரிஞ்ச வெல்டிங் பட்டறையில 3 எம்எம் தகட்டுல அடிக்கச் சொல்லுங்க, கீல் உள்பக்கம் வரணும், பூட்டு ரெண்டு எடத்துலயாவது கடிக்கணும். நம்பர் அமுக்குற எலக்ட்ரானிக் பூட்டைவிட நல்ல சாவிப் பூட்டுக்குத்தான் என் ஓட்டு, நம்ம ஊர் மழைக்கால ஈரத்துல பேட்டரி முனையெல்லாம் பச்சை கட்டிடுது.

பெட்டி எவ்வளவு ஸ்ட்ராங்கா இருந்தாலும் செவுத்தோட சேத்து முடுக்கலைன்னா ரெண்டு பேரு தூக்கி டாட்டா ஏஸ்ல ஏத்திடலாம், நிதானமா வேற எடத்துல வச்சு ஒடைச்சுக்கலாம். கான்கிரீட்டுன்னா நாலு மூலைக்கும் 12 எம்எம் ஆங்கர் போல்ட்டு போதும். ஆனா நம்ம பழைய வீட்டுச் செவுரு சுண்ணாம்புக் காரையும் சன்னச் செங்கல்லும், அதுல சாதா ஆங்கர் போல்ட்டு விரியுறப்ப செங்கல்லே பொடிஞ்சிடும், கையால இழுத்தாலே வரும். அங்க கெமிக்கல் ஆங்கர் போடணும், துளையை நல்லா ஊதிச் சுத்தம் பண்ணிட்டு ட்யூப்ல வர்ற பசையை விட்டுக் கம்பியைச் சொருகி அது எறுகுற வரைக்கும் தொடாம விடணும். அதைவிட நல்லது செவுத்தைத் துளைச்சு அந்தப் பக்கம் ஒரு இரும்புப் பிளேட்டு வச்சு நட்டு போடுறது, அந்தப் பக்கமும் நம்ம ரூமா இருந்தா மட்டும். இல்லன்னா அந்த மூலையில தரையில சின்னதா ஒரு கான்கிரீட் மேடை போட்டு அதுல முடுக்கிடுங்க, மேடை போட்டா இன்னொரு லாபமும் இருக்கு, நம்ம களிமண் பூமியில தரையிலேர்ந்து ஏறுற ஓதம் பெட்டியைத் தொடாது. கொல்லைப்பக்கச் செவுத்துல வைக்காதீங்க, மழைக்காலத்துல அது முழுக்க நனைஞ்சிருக்கும். செவுத்துக்கும் பெட்டிக்கும் நடுவுல போல்ட்டு வர்ற எடத்துல வாஷர் குடுத்துக் கொஞ்சம் இடைவெளி விடுங்க.

துரு விஷயம். தோல் உறையிலயோ கேன்வாஸ் பையிலயோ போட்டு உள்ள வைக்காதீங்க, அது ஈரத்தைப் பிடிச்சு வச்சுக் குழலைத் தின்னுடும். மெல்லிசா துப்பாக்கி எண்ணெய் தடவி காத்தாட வைங்க, அடைமழை மாசத்துல அடிக்கடி தெறந்து தொடைங்க. தேங்காண்ணெ நல்லெண்ணெ தடவுறவங்க இருக்காங்க, கொஞ்ச நாள்ல பிசுபிசுன்னு கெட்டியாயிடும், வேண்டாம்.

படி 5: சாவி

மாடப்பிறை, கோலமாவு டப்பா, சாமி படத்துக்குப் பின்னாடி, அரிசிப் பானை. இதையெல்லாம் வர்றவன் மொதல்ல பாப்பான். துப்பாக்கிப் பெட்டிச் சாவி லைசென்ஸ் யாரு பேர்ல இருக்கோ அவரு கிட்ட மட்டும்தான் இருக்கணும், அண்ணிக்கிட்டயோ பையன்கிட்டயோ குடுத்து வைக்கிறது தப்பு, அவங்க பேர்ல லைசென்ஸ் இல்ல. ஸ்பேர் சாவி பேங்க் லாக்கர்ல இருக்கட்டும், கூடவே லைசென்ஸ் ஜெராக்ஸ், துப்பாக்கி நம்பர் தெரியுற மாதிரி எடுத்த போட்டோ, வாங்குன பில்லு. போட்டோ உங்களுக்குத்தான், பேஸ்புக்குல துப்பாக்கியோட நிக்கிறது திருடனுக்கு நாமளே விலாசம் குடுக்குறதுதான்.

படி 6: ரொம்ப நாள் ஊருக்குப் போறப்ப

பேரப்புள்ளைய பாக்க சிங்கப்பூர் போறீங்க, ரெண்டு மூணு மாசம் வீடு பூட்டிக் கிடக்கும்னா துப்பாக்கி அங்க இருக்கவே வேண்டாம். பத்திரமா வச்சுக்க லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில ஒப்படைக்கலாம், ஸ்டேஷன்லயும் கேட்டுப் பாக்கலாம். தேர்தல் சமயத்துல கலெக்டர் உத்தரவு போட்டு ஒப்படைக்கச் சொல்றப்ப செய்றது மாதிரியேதான். ரசீதுல துப்பாக்கி நம்பரும் தோட்டா எண்ணிக்கையும் சரியா இருக்கான்னு அங்கயே நின்னு பாத்து வாங்கிக்கங்க.

ராத்திரி சத்தம் கேட்டா துப்பாக்கியை எடுக்கலாமா?

இந்தக் கேள்வி எல்லாருக்கும் வரும். 2024 ஜூலை 1 லேர்ந்து அமல்ல இருக்குற, பழைய ஐபிசிக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல தற்காப்பு உரிமை 34 முதல் 44 வரையான பிரிவுகள்ல இருக்கு, உரிமை இருக்கு, ஆனா தேவைக்கு மேல தீங்கு பண்ணக் கூடாது, போலீஸ் உதவி கேக்க நேரம் இருந்தா அந்த உரிமை கிடையாதுன்னும் அதுலயே இருக்கு. பையைத் தூக்கிட்டு ஓடுறவன் முதுகுல சுட்டுட்டுத் தற்காப்புன்னு சொல்ல முடியாது. அதுக்கும் மேல, கொல்லை இருட்டுல நிக்கிறது யாருன்னு உங்களுக்குத் தெரியாது, சொல்லாம ஊர்லேர்ந்து வந்த சொந்தப் புள்ளையா இருக்கலாம், தண்ணி பாயுதான்னு பாக்க வந்த பக்கத்து வயக்காரரா இருக்கலாம். கதவைப் பூட்டிக்கிட்டு உள்ள இருங்க, லைட்டெல்லாம் போடுங்க, சத்தம் போட்டு அக்கம்பக்கத்தை எழுப்புங்க, 112 அடிங்க.

திருடு போயிட்டா

எதையும் தொடாதீங்க, கூட்டி சுத்தம் பண்ணாதீங்க, கைரேகை போயிடும். துப்பாக்கியோ தோட்டாவோ போயிருந்தா உடனே பக்கத்து ஸ்டேஷன்ல சொல்லணும்ங்கிறது லைசென்ஸ் நிபந்தனையே, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டா உங்க லைசென்ஸுக்கே ஆபத்து. நம்பர், மாடல், தோட்டா எண்ணிக்கை எல்லாம் எழுதிப் புகார் குடுத்து எஃப்ஐஆர் காப்பி வாங்குங்க, அது இலவசமாவே தரணும். அந்தக் காப்பியோட கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு கடிதம், திருச்சி மாநகரம் மாதிரி கமிஷனர் இருக்குற எடம்னா கமிஷனர் ஆபீஸுக்கு.

அப்பா காலமாயிட்டாரு, துப்பாக்கி பரண்ல கிடக்குன்னா

இது நம்ம பக்கம் நிறைய. லைசென்ஸ் அவரோட முடிஞ்சுடுச்சு, இப்ப அது உங்க வீட்டுல இருக்குறதே சட்டப்படி சரியில்ல, 1959 ஆயுதச் சட்டம் 21வது பிரிவுப்படி தாமதிக்காம ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலயோ ஒப்படைக்கணும். காரியம் முடிஞ்ச கையோட செஞ்சிடுங்க. நீங்களே அதை எடுத்துக்கிட்டு பஸ்ல போகாதீங்க, மொதல்ல ஸ்டேஷனுக்கு போன் பண்ணி எப்படிக் கொண்டு வரணும்னு கேட்டுக்கங்க. ஒப்படைச்ச ரசீது, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மத்த வாரிசுங்க ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்தது, இதெல்லாம் வச்சு உங்க பேர்ல லைசென்ஸ் கேக்கலாம். 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தர் ரெண்டு துப்பாக்கிதான் வச்சுக்கலாம், லைசென்ஸ் அஞ்சு வருஷத்துக்குக் குடுப்பாங்க. உங்களுக்கு வேண்டாம்னா ஒப்படைச்ச எடத்துலேர்ந்தே லைசென்ஸ் இருக்குற வேற ஒருத்தருக்கோ கடைக்கோ வித்துடலாம், வித்ததுக்கான பேப்பரை மட்டும் பத்திரமா எடுத்து வச்சுக்கங்க.