லினக்ஸிலிருந்து பக்கத்துக் கணினியின் கோப்புகளைத் திறப்பது எப்படி?

லினக்ஸுக்குப் புதிதாக வந்தவர்கள் கோப்பு மேலாளரில் ‘நெட்வொர்க்’ என்பதைச் சொடுக்குகிறார்கள். வெறும் பக்கம் வருகிறது. இணைப்பே இல்லை என்று முடிவுகட்டி மூடிவிடுகிறார்கள். நானும் இப்படி ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்தவன்தான். பெரும்பாலும் இணைப்பு நன்றாகவே இருக்கும், கணினிகளின் பட்டியல்தான் வராது. ஆகவே பட்டியலுக்குக் காத்திருக்காமல், முகவரியைத் தட்டி நேராக உள்ளே போவோம்.

படி 1: பகிர்வு இருக்கிறதா?

மறுமுனையில் இருப்பது விண்டோஸ் கணினி என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு கோப்புறையையாவது பகிர்ந்திருக்க வேண்டும். கோப்புறையை வலச்சொடுக்கிப் பண்புகளுக்குள் போனால் பகிர்வுக்கென ஒரு தாவல் இருக்கும். அந்த நெட்வொர்க் ‘பொது’ என்றில்லாமல் ‘தனிப்பட்டது’ என்று குறிக்கப்பட்டிருப்பதும் முக்கியம்.

படி 2: முகவரி

அதே கணினியின் நெட்வொர்க் அமைப்புகளில் ஐபிவி4 முகவரி இருக்கும். வீட்டு ரவுட்டர்களில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: உள்ளே நுழைதல்

லினக்ஸில் கோப்பு மேலாளரைத் திறந்து கன்ட்ரோல் விசையுடன் எல் விசையை அழுத்துங்கள். நாட்டிலஸ், நீமோ, துனார், டால்ஃபின் எதுவானாலும் முகவரிப் பட்டை திறக்கும். அதில் இப்படித் தட்டுங்கள்:

smb://192.168.1.20/

முதலில் வரும் smb (எஸ்எம்பி, கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறை) ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இருக்கட்டும்; நடுவில் இடைவெளி கூடாது. எண்ணுக்குப் பதில் நீங்கள் குறித்துக்கொண்ட முகவரி வரவேண்டும். விண்டோஸில் பழகிய கை பின்சாய்கோட்டைத் தேடும்; இங்கே முன்சாய்கோடுதான்.

படி 4: கடவுச்சொல்

பலர் தடுமாறுவது இங்கேதான். கேட்கப்படுவது உங்கள் லினக்ஸ் கடவுச்சொல் அன்று. மறுமுனைக் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும். விண்டோஸைத் திறக்கத் தினமும் தட்டும் பின் எண் இங்கே செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் அந்த மின்னஞ்சலையும் அதற்குரிய கடவுச்சொல்லையும் கொடுத்துப் பாருங்கள். டொமைன் கட்டத்தில் ‘வொர்க்குரூப்’ என்று இருந்தால் அப்படியே விட்டுவிடலாம்.

மறுமுனையும் லினக்ஸாக இருந்தால், அங்கே சம்பா சர்வர் (எஸ்எம்பி வழியாகக் கோப்புகளைப் பகிரும் மென்பொருள்) ஓட வேண்டும். சம்பா தன் கடவுச்சொற்களைத் தனியாக வைத்துக்கொள்ளும். கணினிக்குள் நுழையும் கடவுச்சொல் தானாக அதற்குப் போய்ச் சேராது. இதை அறியாமல் சரியான கடவுச்சொல்லையே பத்து முறை தட்டிப் பார்ப்பவர்கள் உண்டு.

சரி, பட்டியல் ஏன் காலியாக இருந்தது? எஸ்எம்பியின் பழைய முதல் பதிப்பு, நெட்பயாஸ் என்ற பழைய முறை வழியாகக் கணினிகளின் பெயர்களைத் திரட்டித் தந்துகொண்டிருந்தது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியது இந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். அதன் பிறகு வந்த விண்டோஸ் பதிப்புகள் அதை இயல்பாக நிறுவாமல் விடத் தொடங்கின. 2019இல் வெளியான சம்பா 4.11உம் அதை இயல்பாக அணைத்து வைத்தது. கதவு பத்திரமானது, வாசலில் இருந்த பெயர்ப்பலகை போய்விட்டது. பட்டியல் வேண்டும் என்பதற்காகப் பழைய பதிப்பை மீண்டும் இயக்கச் சொல்லும் குறிப்புகள் இன்னும் சுற்றுகின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள்.

இன்னும் திறக்கவில்லையா? இரண்டு கணினிகளும் ஒரே ரவுட்டரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். விருந்தினர் வைஃபையில் இருக்கும் கருவிகளை மற்றவற்றோடு பேசவிடாமல் பல ரவுட்டர்கள் பிரித்து வைக்கும். கணினி இணைப்பில் இருக்கிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளைக்குப் பதில் வராததை மட்டும் வைத்துக் கணினி இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். விண்டோஸ் ஃபயர்வால் அதைத் தடுத்திருக்கலாம். கோப்புப் பகிர்வு நடப்பது 445ஆம் போர்ட்டில் (நெட்வொர்க்கில் தரவு வந்துபோகும் எண்ணிட்ட வாசல்). அது திறந்திருந்தால் போதும்.

உள்ளே போனதும் கன்ட்ரோல் விசையுடன் டி விசையை அழுத்தினால், நாட்டிலஸில் அந்த இடம் புத்தகக்குறியாகப் பக்கப்பட்டையில் நின்றுவிடும். சில நாள் கழித்து அது திறக்க மறுத்தால், ரவுட்டர் அந்தக் கணினிக்கு வேறு முகவரி கொடுத்திருக்கக்கூடும். ரவுட்டரின் டிஎச்சிபி (கருவிகளுக்கு முகவரியைத் தானாக வழங்கும் வசதி) அமைப்பில் அந்தக் கணினிக்கென ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை இராது.