ஆந்தைக் கணக்கெடுப்பு இரவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆந்தைக் கணக்கெடுப்புக்கு முதன்முறை தொண்டராக வருகிறவர்கள் செய்யும் தவறுகளிற் பெரும்பாலானவை, இன்றிரவு எப்படியாவது ஓர் ஆந்தையைக் கண்டுவிட வேண்டும் என்ற ஆசையிலிருந்தே பிறக்கின்றன. ஆசை இயல்பானது, ஆனால் குறிக்கப்பட்ட இடத்தில், குறிக்கப்பட்ட நேரம்வரை சத்தமின்றி நின்று, கேட்டதைக் கேட்டபடியும் கேளாததைக் கேளாததென்றும் எழுதி வருவதே அந்த இரவின் வேலை.

இதில் மிகப் பாரதூரமான தவறு, வெற்றுப் படிவத்துக்கு வெட்கப்படுவது. யாழ்ப்பாணத்துச் சரசாலைப் பக்கத்து வயல்வெளியில் நிற்கச் சொல்லப்பட்டவர், நேரம் முடிந்தும் ஒரு குரலும் கேளாததால், சற்றுத் தள்ளியுள்ள பனங்கூடலுக்குப் போய், அங்கே கேட்ட குரலைத் தன் இடத்துக்குரியதாகப் பதிந்துவிட்டால், அந்த வயல்வெளியில் ஆந்தை கேட்கவில்லை என்ற தகவல் தொலைந்துபோகிறது. பின்னொரு நாள் அந்தப் பனங்கூடல் வெட்டப்பட்டு ஆந்தையும் போய்விட்டால், எங்கே, எதனாற் குறைந்தது என்பதை அந்தக் கணக்கைக் கொண்டு எவராலும் சொல்ல முடியாது. ‘0’ என்று எழுதப்பட்ட தாளும் முழுமையான பதிவே.

அதே ஆசைதான் கைத்தொலைபேசியில் ஆந்தைக் குரலை ஒலிக்கவிடவும் தூண்டுகிறது. ஒருங்கிணைப்பாளர் சொன்னாலன்றி இதைச் செய்யவே கூடாது. தன் எல்லைக்குள் இன்னோர் ஆந்தை புகுந்துவிட்டதாக நம்பும் பறவை, இரை தேடுவதையும் குஞ்சுகளையும் விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி வரும். அப்படி வெளிப்பட்டுக் குரல் கொடுக்கும் சிறிய ஆந்தை பெரிய ஆந்தைக்கு இரையாகவும் கூடும். தவிரவும், ஒலிக்கவிட்டுப் பெற்ற எண்ணிக்கையைச் சும்மா நின்று கேட்டுப் பெற்ற எண்ணிக்கையோடு ஒப்பிட முடியாது. பறவையின் முகத்தில் ரோச் அடிப்பதும் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பதும் இதே வகைத் துன்புறுத்தல்தான். ரோச்சின் முகப்பில் சிவப்புத் தாள் ஒட்டி, நிலத்தை நோக்கி மட்டும் பிடியுங்கள். நம் கண்கள் இருளுக்குப் பழக 20, 30 நிமிடம் எடுக்கும். தொலைபேசித் திரையை ஒருமுறை பார்த்தாலே அது குலைந்துவிடும்.

அடுத்தது, இரவில் கேட்பதெல்லாம் ஆந்தை என்று எண்ணுவது. காதுபோன்ற இறகுக் கொம்புகளையுடைய சிறிய ஆந்தை, இடைவெளி விட்டு விட்டு ‘வுக்’ என்று ஒற்றைக் குரல் கொடுக்கும். மாரியில் வெள்ளம் நிற்கும் காணிகளில் அதைத் தவளைச் சத்தத்திலிருந்து பிரித்தறியப் பழகிய காது வேண்டும். பக்கி என்ற இராப்பறவையின் குரலோ, சீமெந்து நிலத்தில் விழுந்த நாணயம் துள்ளித் துள்ளி அடங்குவதைப் போல, ‘சக் சக் சக்’ என்று தொடங்கி ‘சர்ர்ர்’ என்று முடியும். ஆட்காட்டிக் குருவியும் நடுச்சாமத்திற் கத்தும். பாழடைந்த வீட்டுக்குள்ளிருந்து பாம்பு சீறுவதுபோல் நீளமாகக் கேட்டால் அது கூகை என்ற ஆந்தையின் குஞ்சுகளாக இருக்கலாம். இந்தியக் கையேடுகளைப் படித்துப் பழகியவர்கள் சிலர் புள்ளி ஆந்தையை எழுதிவிடுகிறார்கள். பாக்கு நீரிணைக்கு அப்பால் ஊரெங்கும் காணப்படும் அந்தப் பறவை இலங்கையில் இல்லை. ஐயமிருந்தால் ‘அடையாளம் தெரியவில்லை’ என்றெழுதி, நேரத்தையும் திசையையும் குறித்து, முடிந்தால் சிறிது ஒலிப்பதிவும் செய்யுங்கள். திசை குறிக்காவிட்டால், இடம் மாறிக் கத்திய ஒரே பறவை இரண்டாகக் கணக்கில் ஏறிவிடும்.

சோளகம் வீசும் இரவில் காவோலைகளின் சலசலப்பு மற்றெல்லாவற்றையும் விழுங்கிவிடும். கோயில் திருவிழா ஒலிபெருக்கியும் அப்படியே. அந்த இரவுகளில் வற்புறுத்தி எண்ணாமல், காரணத்தை எழுதி வேறு நாளுக்கு ஒத்திவைப்பதே நேர்மை. நிலவின் நிலையையும் மறவாது குறிக்க வேண்டும். பறுவத்தில் எடுத்த கணக்கும் அமாவாசையில் எடுத்த கணக்கும் ஒன்றல்ல.

தனியே போகாதீர்கள். தோட்டக் காணிகளில் கட்டில்லாத கிணறுகள் உண்டு. சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் இரவில் நடமாடுபவை. ஆகையால் மூடிய சப்பாத்து வேண்டும், பகலில் ஒருமுறை நடந்து பார்த்த பாதை வேண்டும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்கும் படையினர் வசமுள்ள காணிக்கும் எந்தக் காரணத்துக்காகவும் நுழையக் கூடாது.

முன்கூட்டிச் சொல்லாமல் போவதும் தவறே. வேலியோரம் இருட்டில் அந்நியர் நின்றால் வீட்டார் பயப்படுவது நியாயம். கிராம அலுவலருக்கும் அயல்வீடுகளுக்கும் முதல்நாளே சொல்லிவிடுங்கள். ‘ஆந்தை கத்தினால் சாவு விழும்’ என்று முதியவர் ஒருவர் சொன்னால் வாதிடாமல், கூகை எலி தின்னும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்; அது கக்கிய உருண்டை ஒன்றைப் பிரித்து, உள்ளேயிருக்கும் எலி மண்டையோட்டையும் மயிரையும் காட்டினால் நம்புவார்கள். ஆனால் அந்த அச்சம் இன்னும் இருப்பதனால், கூடு இருக்கும் வீட்டையோ பனம்பொந்தையோ முகநூலில் ஒருபோதும் போடாதீர்கள்; ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் தெரிவியுங்கள்.